இரண்டு பேரரசுகளுக்கு நடுவே ஒரு கிரீடம்: ஜார்ஜிய, அப்காசிய அரசர்களின் கதை

கி.பி. 522இல் கருங்கடலின் கிழக்குக் கரையிலிருந்து ஓர் அரசர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வந்து சேர்ந்தார். பெயர் சாத்தே. நாடு லாசிகா, இன்றைய மேற்கு ஜார்ஜியாதான் அன்றைய லாசிகா. அங்கே புதிதாக யார் அரியணை ஏறினாலும் பாரசீகப் பேரரசரின் சம்மதம் வேண்டும் என்பது அப்போதைய நிலை. சாத்தே அதை உதறிவிட்டு ரோமப் பேரரசர் ஜஸ்டினிடம் வந்தார், ஞானஸ்நானம் பெற்றார், அவர் கையால் முடிசூட்டிக்கொண்டார், ரோமானிய மேட்டுக்குடிப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டு ஊர் திரும்பினார்.

முடிசூட்டின்போது அவர் உடுத்தியிருந்ததை ஜான் மலாலாஸ் என்ற அக்கால வரலாற்றாசிரியர் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். தலையில் ரோமானியக் கிரீடம். உடம்பில் வெண்பட்டு மேலங்கி, அதற்குத் தங்கக் கரை, கரையின் நடுவே பேரரசர் ஜஸ்டினின் சிறிய உருவம். காலணி மட்டும் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதில் பாரசீகப் பாணியில் முத்துப் பதித்திருந்தது.

எஜமானரை மாற்றிக்கொண்ட அன்றும் பழைய எஜமானர் பாணிக் காலணி காலில் இருந்திருக்கிறது. சாத்தே இதை யோசித்துச் செய்தாரா, இருந்ததைப் போட்டுக்கொண்டாரா, தெரியாது. ஆனால் அடுத்த 1,300 ஆண்டுகள் அந்த மண்ணை ஆண்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் என்ன ஏற்பாட்டில் வாழ்ந்தார்கள், அது எப்படி வேலை செய்தது, எதனால் நின்றுபோனது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மேலாதிக்கம் என்றால்

இன்றைக்கு ஒரு நாடு சுதந்திர நாடு, இல்லையென்றால் இன்னொரு நாட்டின் பகுதி. நடுவில் எதுவும் கிடையாது என்றுதான் நினைக்கிறோம். பழைய உலகில் அந்த நடுப்பகுதிதான் பெரிது. ஒரு சிறிய அரசர் தனக்கு மேலே ஒரு பேரரசரை ஒப்புக்கொள்வார். கப்பம் கட்டுவார், போர் வந்தால் படை அனுப்புவார், சில சமயம் மகனைப் பணயமாக அனுப்பிவைப்பார். பதிலுக்குப் பேரரசர் அவருக்குப் பட்டம் தருவார், அவர் வம்சத்தின் உரிமையை அங்கீகரிப்பார், எதிரி வந்தால் துணைக்கு வருவதாக வாக்குத் தருவார். உள்ளூர் நீதி, வரி, நிலம் எல்லாம் சிறிய அரசர் கையிலேயே இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் மேலாதிக்கம் என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே உறவை இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் பார்த்தார்கள் என்பது. பேரரசரின் ஏட்டில் அந்தச் சிறிய அரசர் அடிமை. சொந்த மண்ணில் அவர் அரசர். இரண்டும் உண்மைதான். எனவே "அந்த நூற்றாண்டில் ஜார்ஜியா சுதந்திரமாக இருந்ததா?" என்று யாராவது கேட்டால், எந்த அரசர், எந்த விஷயத்தில், எந்த வருடத்தில் என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

அப்புறம் நிலப்படம். காக்கசஸ் மலைகளுக்குத் தெற்கே, கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே இருக்கிறது இந்தப் பிரதேசம். நடுவே வடக்குத் தெற்காக லிகி என்ற மலைத்தொடர் குறுக்கிடுகிறது. அதற்கு மேற்கே ரியோனி நதி கருங்கடலுக்குப் பாய்கிறது. மழை அதிகம், காடு அதிகம். கிழக்கே குரா நதி, அதன் கரையில் திபிலீசி. அந்தத் தண்ணீர் காஸ்பியனுக்குப் போகிறது. மேற்குப் பாதி கடல் வழியாக ரோமை, பிறகு பைசாந்தியத்தை (கான்ஸ்டாண்டிநோபிளில் தொடர்ந்த அதே ரோமப் பேரரசுதான்), பிறகு ஒட்டோமான் துருக்கியரைப் பார்த்தபடி இருந்தது. கிழக்குப் பாதி பாரசீகர், அரபியர், மறுபடி பாரசீகர் என்று வந்தவர்களைப் பார்த்தது. வடமேற்கு மூலையில், கடலோரமாக அப்காசியா. அப்காசிய மொழி ஜார்ஜிய மொழிக்கு உறவே இல்லாத வேறு குடும்பம். ஆனால் இரு மக்களின் அரச குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பின்னிக் கிடந்தன.

மலைக்கு வடக்கே இன்னொரு ஆள் எப்போதும் இருந்தார். ஒரு காலத்தில் கசார்கள், பிறகு அலான்கள், கிப்சாக்குகள், கடைசியில் ரஷ்யர்கள். தெற்கிலும் மேற்கிலும் நெருக்கடி முற்றினால் மலைக்கணவாய் வழியாக வடக்கே ஆள் அனுப்புவது இந்த அரசர்களின் கையிருப்பில் இருந்த துருப்புச்சீட்டு.

உப்பும் ஒரு கொலையும்

சாத்தேக்குப் பிறகு லாசிகாவை ஆண்டவர் குபாசஸ். ரோமின் நட்பு முதலில் இனித்தது. பிறகு ரோமானியப் படை வந்து தங்கியது. கடற்கரையில் பெட்ரா என்று ஒரு கோட்டை நகரம் எழுந்தது. அங்கிருந்த ரோமானியத் தளபதி வெளிநாட்டு வியாபாரம் முழுவதையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். லாசிகாவில் உப்பு விளையாது. உப்பு உள்பட வெளியிலிருந்து வரும் எதையும் அவர் சொன்ன விலைக்கே வாங்க வேண்டியிருந்தது. பொறுத்துப் பார்த்த குபாசஸ் 541இல் பாரசீகப் பேரரசர் கோஸ்ரோவை அழைத்தார். கோஸ்ரோ வந்தார், பெட்ராவைப் பிடித்தார்.

கொஞ்ச காலத்தில் பாரசீகர்களின் திட்டம் கசிந்தது: குபாசஸைக் கொன்றுவிட்டு, லாசிகா மக்களையே வேறு இடத்துக்குப் பெயர்த்துக் குடியேற்றுவது. குபாசஸ் மறுபடி ரோமின் பக்கம் சாய்ந்தார். பேரரசர் ஜஸ்டினியன் படை அனுப்பினார். ஆனால் வந்த தளபதிகளின் லட்சணத்தைப் பற்றிக் குபாசஸ் நேராகப் பேரரசருக்கே புகார் எழுத, 555இல் அந்தத் தளபதிகள் அவரை ஒரு சந்திப்புக்கு வரவழைத்துக் குத்திக் கொன்றார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். லாசிகா மக்கள் ஒரு பள்ளத்தாக்கில் ரகசியமாகக் கூடினார்கள். பாரசீகத்தோடு போய்விடலாம் என்று ஒருவர் பேசினார். ரோமோடு இருப்போம், ஆனால் நியாயம் கேட்போம் என்று இன்னொருவர் பேசினார். இரண்டாவது கட்சி வென்றது. ஜஸ்டினியனிடம் இரண்டு கோரிக்கை போனது: கொலைகாரர்களுக்குத் தண்டனை, குபாசஸின் தம்பிக்கு அரியணை. இரண்டும் நிறைவேறின. ரோமானிய நீதிபதி ஒருவர் லாசிகா மண்ணிலேயே விசாரணை நடத்தினார். ரஸ்டிகஸ் என்ற அதிகாரியும் குத்திய அவர் தம்பி ஜானும் தலை வெட்டப்பட்டார்கள். ஒரு பேரரசு தன் அதிகாரிகளையே ஒரு சிற்றரசரின் கொலைக்காகத் தண்டித்திருக்கிறது. காரணம் நீதி உணர்வு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. லாசிகா போனால் பாரசீகக் கப்பற்படை கருங்கடலில் இறங்கும் என்ற கணக்கு ஜஸ்டினியனுக்குத் தெரியும். சிறியவருக்குப் போக வேறு இடம் இருந்தவரை பெரியவர் பேச்சுக்குக் காது கொடுத்தார்.

கிழக்குப் பாதியில் கதை இப்படி முடியவில்லை. ஐபீரியா என்று ரோமானியர் அழைத்த கார்த்லி நாட்டில் 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரசீகர் அரச பதவியையே ஒழித்துவிட்டார்கள். அடுத்து அரபியர் வந்தார்கள். திபிலீசி ஓர் அமீரின் தலைநகராகி, 1122 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்தது.

"அப்காசியர்களின் அரசர்"

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளையாட்டு மேற்கே தொடங்குகிறது. அப்காசியாவை பைசாந்தியத்தின் பெயரில் ஆண்டுகொண்டிருந்த குடும்பத்தில் இரண்டாம் லியோன் என்று ஒருவர். இவர் அம்மா கசார்களின் அரசரான ககானின் மகள். வடக்குச் சீட்டு இவருக்குப் பிறப்பிலேயே கையில் இருந்தது. தாத்தா வீட்டுப் படையின் துணையோடு பைசாந்தியத்தின் பிடியை அறுத்துக்கொண்டு, தன்னை அரசர் என்று அறிவித்தார். லிகி மலை வரையுள்ள மேற்குப் பகுதி முழுவதும் அவர் ஆட்சிக்குள் வந்தது. தலைநகர் கடலோர அனகோப்பியாவிலிருந்து உள்நாட்டுக் குத்தாயிசிக்குப் போனது.

இந்த நாட்டை "அப்காசியர்களின் அரசு" என்றார்கள். அப்காசியர்கள், மெங்ரேலியர்கள், ஸ்வான்கள், ஜார்ஜியர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். ஆட்சி மொழியும் திருச்சபை மொழியும் போகப் போக ஜார்ஜிய மொழியாயின. இங்கே ஒரு எச்சரிக்கை. இன்றைய ஜார்ஜிய வரலாற்று நூல்கள் இதை ஜார்ஜிய அரசின் தொடக்கம் என்கின்றன. அப்காசிய நூல்கள் அப்காசிய அரசின் பொற்காலம் என்கின்றன. ஜார்ஜியர்களுக்கும் அப்காசியர்களுக்கும் இடையே நடந்த 1992-93 போருக்குப் பிறகு இந்தச் சண்டை ஆய்வாளர் அறையைத் தாண்டிவிட்டது. 9ஆம் நூற்றாண்டு அரசர் ஒருவரை எழுப்பிக் கேட்டால், இரண்டு வாதமும் அவருக்குப் புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் வம்சத்தைத்தான் எண்ணினார், தேசிய இனத்தை அல்ல.

978இல் அப்காசிய வம்சத்தின் ஆண்வழி கடைசி அரசர், கண் பிடுங்கப்பட்ட தியோடோசியஸ், விலகினார். அவருடைய அக்கா தங்கை வழியில் வந்த மருமகன் மூன்றாம் பக்ராத் அரசரானார். அப்பா வழியில் இவர் பக்ரத்தியோனி என்ற ஜார்ஜிய வம்சம். போதாததற்கு, தாவோ நாட்டு ஆட்சியாளர் தாவீது பிள்ளையில்லாமல் இவரைத் தத்தெடுத்திருந்தார். அம்மா வழியில் மேற்கு, அப்பா வழியில் தென்மேற்கு, தத்து வழியில் தாவோ. 1008இல் அப்பா இறந்ததும் மேற்கும் கிழக்கும் ஒரே கிரீடத்தின் கீழ் வந்தன. பெரிய போர் எதுவும் இல்லாமல், வாரிசுரிமைக் கணக்கிலேயே ஒரு நாடு உருவானது. பின்னால் வந்த ஜார்ஜிய அரசர்களின் நீண்ட பட்டத்தில் முதல் சொல் "அப்காசியர்களின்" என்றுதான் இருந்தது. பக்ராத் முதலில் ஏறிய அரியணை அது.

பட்டமும் விலையும்

அந்தத் தத்துத் தந்தை தாவீதின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மேலாதிக்கம் எந்த இடத்தில் கடிக்கும் என்பதற்கு அவர்தான் உதாரணம். 979இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலின் அரியணையை ஒரு கலகத் தளபதி பறிக்கப் பார்த்தபோது, தாவீது 12,000 குதிரைப்படை கொடுத்து உதவினார். படைக்குத் தலைமை தாங்கியவர் முன்பு தளபதியாக இருந்து துறவியான தோர்னிக்கே. வென்றார்கள். தாவீதுக்குப் பெரும் நிலப்பரப்பு கிடைத்தது. தோர்னிக்கேக்குக் கிடைத்த செல்வத்தில்தான் கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையில் இவிரோன் மடாலயம் எழுந்தது, இன்றும் இருக்கிறது.

பத்து வருடம்கூட ஆகவில்லை, அடுத்த கலகத்தில் தாவீது கலகக்காரர் பக்கம் சாய்ந்தார். கலகம் தோற்றது. பசில் படை அனுப்பி அவரை அழிக்கவில்லை. "உமக்குப் பிள்ளை இல்லை, உமக்குப் பிறகு உம் நாடு எனக்கு" என்ற நிபந்தனையில் முடித்துக்கொண்டார். 1000ஆம் ஆண்டு தாவீது இறந்தார்; பசில் நேரில் வந்து வாங்கிக்கொண்டார். பக்ராத்துக்கு அந்தப் பங்கு போனது போனதுதான். அதைத் திரும்பப் பிடிக்கப் பார்த்த பக்ராத்தின் மகன் முதலாம் கியோர்கி 1021-22இல் பசிலிடம் தோற்றார். அவருடைய மூன்று வயது மகன் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் பணயமாகப் போனான்.

அந்தக் குழந்தைதான் பிறகு நான்காம் பக்ராத்தாக வளர்ந்து 1072 வரை ஆண்டவர். இவர் வெளியிட்ட வெள்ளிக்காசுகளைப் பார்த்தால் ஒரு பக்கம் கன்னி மரியாள், மறுபக்கம் "அப்காசியர்களின் அரசர்" என்று ஜார்ஜிய எழுத்தில். கூடவே பைசாந்தியம் கொடுத்த பட்டம்: முதலில் நொபிலிசிமோஸ், பிந்தைய காசுகளில் அதைவிட உயர்ந்த செபாஸ்டோஸ். மகன் இரண்டாம் கியோர்கியின் காசில் சீசர் என்றே வருகிறது. அலுவலகப் பதவி உயர்வுப் பட்டியல் போல இருக்கிறது. பட்டம் ஏற ஏறப் பைசாந்தியத்தின் பலம் இறங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கிழக்கே செல்ஜுக் துருக்கியர் நெருங்கி வந்த நேரம் அது. நண்பர் வேண்டிய பேரரசு தாராளமாகப் பட்டம் வழங்கியது.

கியோர்கியின் மகன் தாவீது, "கட்டியெழுப்பியவர்" என்று ஜார்ஜியர்கள் கொண்டாடுபவர், 1089இல் ஆட்சிக்கு வந்தார். இவருக்கு வாய்த்த காலமும் நல்ல காலம்: சிலுவைப் போர்களில் செல்ஜுக்குகளின் கவனம் சிதறியது. கப்பத்தை நிறுத்தினார், பைசாந்தியப் பட்டங்களைக் கைவிட்டார். வடக்குச் சீட்டையும் போட்டார்: கிப்சாக் தலைவர் அத்ராக்கின் மகளை மணந்து, சுமார் 40,000 கிப்சாக் குடும்பங்களை மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து குடியமர்த்தினார் என்கிறது ஜார்ஜிய நாளாகமம். 1121 ஆகஸ்ட் 12 அன்று தித்கோரியில் ஒரு பெரிய முஸ்லிம் கூட்டுப்படையை முறியடித்து, மறு ஆண்டு திபிலீசிக்குள் நுழைந்தார்.

இனி யாருக்கும் பணிய வேண்டியதில்லை என்ற நிலையில் அவர் வெளியிட்ட ஒரு காசு என்ன சொல்கிறது? அரபு எழுத்தில், "அரசர்க்கரசர், தாவீது, கியோர்கியின் மகன், மெசியாவின் வாள்." கொள்ளுப்பேத்தி தாமார் ராணி 1187இல் அடித்த செப்புக்காசிலும் அப்படியே. ஒரு பக்கம் ஜார்ஜிய எழுத்தில் அவர் கையொப்பச் சின்னம்; மறுபக்கம் அரபியில், உலகத்துக்கும் சமயத்துக்கும் பெருமை, மெசியாவின் துணைவர் என்று விருது. முஸ்லிம் சுல்தான்கள் சூட்டிக்கொண்ட விருதுகளின் அதே வார்ப்பு. உள்ளே வைத்தது மட்டும் கிறிஸ்து. காரணம் எளிது. திபிலீசியின் வியாபாரிகளில் பெரும்பகுதி முஸ்லிம்கள். சந்தையில் செல்லுபடியாக வேண்டுமென்றால் சந்தை படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து அமீர்கள் இப்போது தாமாருக்குக் கப்பம் கட்டினார்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில் அதிகாரத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த உச்சம் நூறு ஆண்டுதான். 1226இல் குவாரஸ்மிய ஜலாலுதீன் திபிலீசியைச் சூறையாடினார், பின்னாலேயே மங்கோலியர். வாரிசுப் போட்டியில் தாவீது என்ற பெயரில் இரண்டு பேர் மங்கோலியத் தலைநகரம் வரை போய்க் காத்துக் கிடக்க, குயுக் கான் இரண்டு பேரையும் அரசராக்கி அனுப்பிவைத்தார். சில ஆண்டுகளில் அவர்கள் மேற்கும் கிழக்குமாகப் பிரிந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் கியோர்கி ஒட்டவைத்தார். தைமூர் வந்து மீண்டும் உடைத்தார். 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கிழக்கே கார்த்லி, காகேத்தி, மேற்கே இமெரெத்தி என்று மூன்று அரசுகள். மெங்ரேலியா, குரியா, அப்காசியா என்று கைக்கடங்காத சிற்றரசுகள். அப்காசியாவில் ஷெர்வஷிட்ஸே குடும்பம். அப்காசிய மொழியில் அவர்கள் பெயர் சாச்பா.

ஷா கொடுத்த அரியணை

1555இல் அமாசியா உடன்படிக்கையில் ஒட்டோமான் துருக்கியரும் சஃபாவிப் பாரசீகரும் இந்தப் பிரதேசத்தைக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். மேற்கு துருக்கியருக்கு, கிழக்கு பாரசீகருக்கு. உள்ளூர் அரசர்களை யாரும் கேட்கவில்லை.

பாரசீகப் பகுதியில் அரியணைக்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது: பாரசீகப் பேரரசரான ஷாவிடம் பட்டம் பெற வேண்டுமானால் இஸ்லாத்துக்கு மாற வேண்டும். இதை இரண்டு பேர் இரண்டு விதமாக எதிர்கொண்டார்கள். காகேத்தி அரசர் தெய்முராஸ் மாற மறுத்துப் போராடினார். அவர் அம்மா கெத்தெவான் ராணி சமாதானம் பேசப் போய் ஷா அப்பாஸிடம் சிறைப்பட்டார். பல ஆண்டு சிறைக்குப் பிறகு 1624இல், மதம் மாற மறுத்ததற்காக, ஷிராஸ் நகரில் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் சித்திரவதை செய்து கொன்றார்கள். அங்கிருந்த போர்த்துக்கீசிய அகஸ்டீனியத் துறவிகள் எலும்புகளை ரகசியமாக எடுத்துப் போனார்கள். ஒரு பகுதி கோவா வந்து சேர்ந்தது. பழைய கோவாவில் இடிந்து கிடக்கும் புனித அகஸ்டின் தேவாலயத்தில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த எலும்புத் துண்டை ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம் மரபணுச் சோதனை செய்தது. தாய்வழி மரபணு வகை இந்தியாவில் காணப்படாதது, ஜார்ஜியாவில் உள்ளது என்று தெரிந்தது. 2021 ஜூலையில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதில் ஒரு பகுதியைத் திபிலீசியில் நேரில் ஒப்படைத்தார்.

மற்றவர் ரோஸ்தோம். பாரசீகத்தில் வளர்ந்தவர், முஸ்லிம், இஸ்பகான் நகர நிர்வாகியாக இருந்தவர். 1633இல் கார்த்லியின் அரசராக வந்தார். ஷாவின் ஏட்டில் இவர் ஒரு மாகாண ஆளுநர். திபிலீசியில் பக்ரத்தியோனி மன்னர். மெங்ரேலிய இளவரசி மரியத்தை இஸ்லாமிய முறையிலும் கிறிஸ்தவ முறையிலும் மணந்தார். ம்த்ஸ்கேத்தாவின் பேராலயக் குவிமாடம் இடிந்தபோது இந்த முஸ்லிம் அரசரும் கிறிஸ்தவ ராணியும் கட்டிக்கொடுத்தார்கள். கார்த்லி ஒரு தலைமுறை மூச்சு விட்டது. பள்ளிப் பாடங்களிலும் சிலைகளிலும் கெத்தெவானுக்குக் கிடைக்கும் இடம் ரோஸ்தோமுக்குக் கிடைப்பதில்லை. வயல் விளைந்ததும் ஊர் நிறைந்ததும் அவர் காலத்தில்தான்.

ஒரே ஒருவர் மிஞ்சியபோது

இளவரசராக நாதிர் ஷாவின் படையோடு இந்தியா வரை வந்து போனவர் இரண்டாம் எரெக்லே. நாதிர் ஷா இறந்து பாரசீகம் குலைந்ததும் கிட்டத்தட்ட தன்னிச்சையாக ஆண்டார். கார்த்லியையும் காகேத்தியையும் இணைத்தார். முதுமையில், துருக்கியும் பாரசீகமும் என்றைக்காவது திரும்பி வரும் என்ற பயத்தில், வடக்கே பார்த்தார். 1783இல் கியோர்கியெவ்ஸ்க் உடன்படிக்கை கையெழுத்தானது. எரெக்லே பாரசீக மேலாதிக்கத்தைத் துறப்பார். ரஷ்யப் பேரரசி கத்தரீனாவை மேலே ஏற்பார். வெளியுறவை ரஷ்யாவைக் கேட்டு நடத்துவார். பதிலுக்கு அவர் வம்சத்துக்கு அரியணை நிச்சயம், நாட்டுக்குப் பாதுகாப்பு, உள்நாட்டு ஆட்சி அவருடையது.

எரெக்லேயின் பார்வையில் சாத்தே செய்ததையே இவரும் செய்தார். பழைய ஏற்பாடு, புதிய எஜமானர், அவ்வளவுதான். ஆனால் வந்த ரஷ்யப் படையை 1787இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1795 செப்டம்பரில் கஜார் வம்சத்து ஆகா முகமது கான், "ரஷ்யாவை விட்டுவிட்டு வா" என்று மிரட்டிப் பார்த்துவிட்டு, கிர்த்ஸானிசியில் எரெக்லேயின் சிறிய படையைத் தோற்கடித்துத் திபிலீசியை எரித்தார். ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். ரஷ்யா நேரத்துக்கு வரவில்லை. 1798இல் எரெக்லே இறந்தார். மகன் பன்னிரண்டாம் கியோர்கி இரண்டு வருடம் ஆண்டு இறந்ததும், 1801இல் ரஷ்யா அரசையே ரத்து செய்து தன்னோடு சேர்த்துக்கொண்டது. கியோர்கியின் விதவை ராணி மரியத்தை ரஷ்யாவுக்கு அனுப்பிவைக்க 1803இல் அரண்மனைக்குள் வந்த ஜெனரல் லாசரெவை அந்த ராணி கத்தியால் குத்திக் கொன்றார்.

இங்கே என்ன மாறியது? முந்தைய பேரரசுகளுக்கு மலைநாட்டை நேரடியாக நிர்வகிக்க ஆளும் வழியும் கிடையாது. உள்ளூர் அரசர் தேவைப்பட்டார். ரஷ்யா கணவாய் வழியாகச் சாலை போட்டது, ஆளுநர்களையும் வரிக் கணக்கர்களையும் கொண்டுவந்தது. அதைவிட முக்கியம், போட்டியாளர்கள் விலகிக்கொண்டது. 1813லும் 1828லும் பாரசீகமும், 1829இல் துருக்கியும் உடன்படிக்கைகளில் தங்கள் உரிமைகளை விட்டுக்கொடுத்தன. குபாசஸின் நாட்டவர்கள் "இல்லையென்றால் அந்தப் பக்கம் போவோம்" என்று சொல்ல முடிந்தது. இனி அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லை.

இமெரெத்தியின் கடைசி அரசர் இரண்டாம் சாலமோன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1810இல் துரத்தப்பட்டு, துருக்கியரின் ட்ராப்சோனில் அடைக்கலமாகி, நெப்போலியனிடம்கூட உதவி கேட்டுப் பார்த்து, 1815இல் அங்கேயே இறந்தார்.

அப்காசியாவில் இன்னும் அரை நூற்றாண்டு இழுத்தது. அங்கே கெலேஷ் பே என்ற திறமைசாலி துருக்கிய சுல்தானின் பெயரில் சுகுமியிலிருந்து ஆண்டார். சொந்தமாகத் துடுப்புப் போர்க்கலங்கள் வைத்திருந்தார். ரஷ்யா பக்கமும் பேச்சுக் கதவைத் திறந்து வைத்திருந்தார். 1808இல் கொலையுண்டார். மகன் அஸ்லான் பேதான் கொன்றார் என்று ரஷ்யத் தரப்பு சொன்னது. அப்காசிய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. இன்னொரு மகன் செஃபெர் பே 1810இல் ரஷ்யப் பாதுகாப்பை வாங்கினார். ரஷ்யக் கப்பல்கள் சுகுமி கோட்டையைப் பிடித்து அவரை அமர்த்தின. அஸ்லான் பே துருக்கியர் பக்கம் ஓடிப்போய், பல ஆண்டு அங்கிருந்து கலகங்களைத் தூண்டினார். அண்ணன் தம்பி சண்டையாகத் தெரிவது உண்மையில் பழைய இரட்டைச் சீட்டு விளையாட்டுதான்; இந்த முறை ஒரே குடும்பத்துக்குள்.

1823 முதல் ஆண்ட மிகயில் ஷெர்வஷிட்ஸே கடைசி இளவரசர். வடமேற்குக் காக்கசஸில் சர்க்காசியர்களோடு போர் நடந்த வரை ரஷ்யாவுக்கு அவர் தேவைப்பட்டார். 1864 மே மாதம் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். ஜூன் மாதம் அப்காசியச் சிற்றரசை ரத்து செய்தார்கள். மிகயிலை ரஷ்யாவின் வரோனெஷ் நகருக்கு நாடு கடத்தினார்கள். 1866இல் அங்கே இறந்தார். அதே ஆண்டு, நிலச் சீர்திருத்தத்துக்காகக் கணக்கெடுக்க வந்த அதிகாரிகளின் கேள்விகள் மக்களைக் கொதிக்கவைத்தன. அவர்களிடம் யார் அடிமை, யார் ஆண்டை, எவ்வளவு கொடுத்து விடுதலை வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். அந்த வகைப் பண்ணையடிமை முறையே அங்கே கிடையாது. லிக்னி கிராமத்தில் கூட்டம் கலகமாக மாறி, ரஷ்ய அதிகாரி கொல்லப்பட்டார். கலகக்காரர்கள் மிகயிலின் மகன் கியோர்கியை இளவரசர் என்று அறிவித்தார்கள். படை வந்தது, கியோர்கியையும் அப்புறப்படுத்தினார்கள். 1867இலும், 1877-78 போரை ஒட்டியும், பல்லாயிரம் அப்காசியர்கள் கப்பலேறி ஒட்டோமான் நாட்டுக்குப் போனார்கள். துருக்கியில் இன்று வாழும் அப்காசியர்கள் பெரும்பாலும் அவர்களின் வழிவந்தவர்கள்.